முத்து என்று தேடினால் ஹைதராபாத்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ. சிதம்பரனாரின் பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் சுருக்கி வி.ஓ.சி. போர்ட் என்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதே மூன்று எழுத்துகள்தான் சுருக்கப் பெயர். 1906இல் வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரும், 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து இதே ஊரைப் பிடித்துக்கொண்ட கம்பெனியும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிப் போனார்கள். வ.உ.சி. இதை ரசித்திருக்க மாட்டார். பெயின்ட் டப்பாவில் அச்சாகும் வி.ஓ.சி. மூன்றாவது ரகம்: எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்.

ஒருவர் கூகுளில் இந்த மூன்று எழுத்தை அடித்தால் அவருக்கு வேண்டியது துறைமுகமா, டச்சுக்காரரா, பெயின்டா? பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் இயந்திரம் முடிவு செய்கிறது. கூடவே ‘கன்டெய்னர்’ இருந்தால் துறைமுகம். ‘பதினேழாம் நூற்றாண்டு’ இருந்தால் டச்சுக்காரர். ஆனால் ‘தூத்துக்குடி’ என்ற சொல்லைச் சேர்த்தால் பெயின்ட் மட்டும்தான் விலகும். மற்ற இரண்டும் தூத்துக்குடிக்குச் சொந்தமானவை என்பதால் அந்தச் சொல் அவற்றைப் பிரிக்காது. ஒரு சொல் சரியானதாக இருந்தும் பயன்படாமல் போவது இப்படித்தான். பிரையண்ட் நகரிலோ டூவிபுரத்திலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோகிராபரின் இணையப் பக்கத்துக்கு நேர்வதும் இதுவே.

அந்தப் பக்கங்களின் நெற்றியில் பெரும்பாலும் ஒரே வாசகம் இருக்கும்: பெஸ்ட் கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர் இன் தூத்துக்குடி. எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை, செய்து தருகிறோம் என்று வருபவர்கள் எழுதிக் கொடுப்பது. சென்னைக்கு எழுதியதில் ஊரை மாற்றினால் தூத்துக்குடி, தூத்துக்குடியை மாற்றினால் நாகர்கோவில். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் சொல்வதால், இந்த ஸ்டுடியோவை அடுத்த ஸ்டுடியோவிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் இதில் ஒன்றுகூட இல்லை.

தேடுபொறி எப்படிச் சொற்களை எடை போடுகிறது என்று தெரிந்தால் இதன் விவரம் புரியும். தேடும் நேரத்தில் அது உலகத்துப் பக்கங்களையெல்லாம் புரட்டுவதில்லை. முன்கூட்டியே ஊர்ந்து படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறது. தமிழில் இதற்குப் பெயர் உண்டு: சொல்லடைவு. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் பின்னால் அரும்பத அகராதி சேர்த்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. கூகுள் வைத்திருப்பதும் அடிப்படையில் அதே சங்கதிதான். அளவு வேறு, வேகம் வேறு.

சொல்லடைவில் ஒரு சிக்கல் உண்டு. ‘போட்டோ’ என்ற சொல்லின் கீழ் கோடிக்கணக்கான பக்கங்கள் நிற்கும். அதில் எதை முதலில் காட்டுவது? 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் ஒரு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை அதன் பொருளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று எண்ணினால் போதும். குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்கு அதிக எடை. பிற்காலத் தேடுபொறிகளெல்லாம் இந்த ஒரு யோசனையின் மேல் எழும்பியவை.

கணக்கு எளிது. தூத்துக்குடியைப் பற்றி இணையத்தில் 1,000 பக்கங்கள் மட்டுமே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ‘போட்டோ’ 500 பக்கங்களில் வருகிறது. 1,000ஐ 500ஆல் வகுத்தால் 2. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் 1. அதுதான் ‘போட்டோ’வின் எடை. ‘புதுநன்மை’ என்ற சொல் இரண்டே பக்கங்களில் வருகிறது என்றால் வகுத்து வருவது 500. மடக்கை ஏறக்குறைய 9. மடக்கை எதற்கு என்றால், ஒரு சொல் பக்கக் குவியலைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எடையில் ஒன்று கூட வேண்டும் என்பதற்கு. ‘போட்டோ’ குவியலை ஒருமுறை பாதியாக்குகிறது. ‘புதுநன்மை’ ஒன்பது முறை பாதியாக்கி நம் கையில் இரண்டே பக்கங்களைத் தருகிறது. ஆயிரம் பக்கத்திலும் இருக்கும் சொல்லுக்கு எடை பூஜ்யம். ‘பெஸ்ட்’ கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் இருக்கிறது. சுமாராகப் படம் எடுப்போம் என்று எந்தக் கடையும் எழுதுவதில்லை. தேடுகிறவர் ‘பெஸ்ட்’ என்று அடிப்பது உண்மைதான். அதற்கான பதிலை மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளில் தேடுவார்களே தவிர, கடைக்காரர் தம்மைப் பற்றி எழுதியதில் எதற்குத் தேடுவார்கள்?

இப்போது முத்துக்கு வருவோம். இந்த ஊரில் ‘முத்து’ என்ற சொல்லைப் பெயரிலோ விளம்பரத்திலோ சேர்க்காத தொழில் குறைவு. சென்னைக்குப் போகும் ரயிலே முத்துநகர் எக்ஸ்பிரஸ். கடைப் பெயரில் பேர்ல், லாட்ஜ் பெயரில் பேர்ல், ஸ்டுடியோ பெயரிலும் பேர்ல். ஊருக்குள் அது யாரையும் பிரித்துக் காட்டாது. ஊருக்கு வெளியே போனால் இன்னொரு வில்லங்கம்: பேர்ல் சிட்டி என்ற பட்டம் ஹைதராபாத்துக்கும் இருக்கிறது. அங்கே முத்து விளைவதில்லை, விற்பனையாகிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இணையத்தில் ஒரு சொல் யாருக்குச் சொந்தம் என்பதை வரலாறு தீர்மானிப்பதில்லை. எழுதப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஹைதராபாத் நகைக்கடைகள் நிறையவே எழுதியிருக்கின்றன.

ஆகவே அரிய சொல்லாகப் பார்த்துப் போட்டுவிட்டால் ஆயிற்றா? இல்லை. ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கு பக்கங்களின் பக்கமிருந்து பார்ப்பது. தேடுகிறவரின் வாய் இன்னொரு பக்கம். ‘ஒளிப்படக் கலைஞர்’ அருமையான சொல், பத்திரிகைகள் பயன்படுத்துகின்றன, நானும் மற்ற இடங்களில் எழுதுவேன். ஆனால் தங்கை கல்யாணத்துக்கு ஆள் தேடும் அண்ணன், போனை வாய்க்குக் கிட்டே பிடித்து ‘ஒளிப்படக் கலைஞர்’ என்று சொல்வதாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பக்கங்களில் அரிதாகவும் வாயில் தாராளமாகவும் இருக்கும் சொல்தான் வேண்டும். இரண்டும் ஒரே சொல்லில் கூடுவது கடினம் என்று தோன்றும். தூத்துக்குடிச் சீமையில் அப்படி இல்லை. நம் அழைப்பிதழ்த் தமிழ் ஒன்றாகவும் வீட்டுத் தமிழ் வேறாகவும் இருப்பதே அதற்குக் காரணம்.

வீடு கட்டி முடித்தவர் அழைப்பிதழில் ‘புதுமனை புகுவிழா’ என்று அச்சடிப்பார், பேசும்போது ‘பால்காய்ப்பு’. பெண் பெரியவளானால் ஃபிளெக்ஸில் ‘பூப்புனித நீராட்டு விழா’; வீட்டில் ‘சடங்கு’. திருச்செந்தூரில் மொட்டை போட்டு ‘காதணி விழா’ என்று அச்சடிப்பவர் அக்காவிடம் போனில் சொல்வது ‘காதுகுத்து’. கத்தோலிக்கக் குடும்பங்களில் ‘முதல் நற்கருணை விழா’ என்று அச்சேறுவது வீட்டில் ‘புதுநன்மை’. சித்திரை, வைகாசியில் ஊர் ஊராக நடக்கும் அம்மன் கோயில் ‘கொடை’க்கு வீடியோ எடுப்பது இங்குள்ள ஸ்டுடியோக்களுக்குப் பெரிய வரும்படி. திருச்சியைத் தாண்டிவிட்டால் ‘கொடை’ என்ற சொல்லைத் தானம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனாலேயே தேடுபொறிக்கு அது பிரித்துக் காட்டும் சொல்லாகிறது. ‘கோயில் கொடை வீடியோ’ என்று கேட்பவர் எந்தச் சீமைக்காரர் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டுடியோக்காரர்கள் பேசுவதும் இதே தமிழ்தான். பக்கம் எழுதும்போது மட்டும் ‘பியூபர்ட்டி செரிமனி’ என்று மாறிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இங்கே நிறையப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத்தான் தேடுகிறார்கள். அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சொல் பக்கத்தில் எங்காவது ஓரிடத்தில் எழுத்தாக இருக்க வேண்டாமா?

எழுத்தாக இருப்பது என்பதில் ஒரு நுட்பமான தொல்லை ஒளிந்திருக்கிறது. ஸ்டுடியோக்களில் ஆல்பமும் ஃபிளெக்ஸும் வடிவமைப்பவர்கள் இன்றும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த வரியை அப்படியே வெட்டி இணையப் பக்கத்தில் ஒட்டினால் தேடுபொறி பார்ப்பது அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியலை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்தது 2010இல். அச்சு சார்ந்த தொழில்களில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. ஃபிளெக்ஸைப் படமாக மாற்றி ஏற்றுபவர்களுக்கும் இதே கதி: சொல் படத்துக்குள் இருக்கிறது, எழுத்தாக எங்கும் இல்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கும் திறன் இயந்திரங்களுக்கு வந்துவிட்டது. அதை நம்பிக் கடை நடத்த வேண்டுமா என்பது வேறு.

யூனிகோடிலும் ஒரு விசித்திரம் உண்டு. ‘போ’ என்பதை, ‘ப’வுடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பெரிய தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் சொல்லடைவில் சேர்க்கும். சொந்தத் தளத்தில் சின்னதாகத் தேடல் வசதி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், ‘போட்டோ’ என்று அடித்தவருக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று வரும்.

கேமராவிலிருந்து இறங்கும் படங்களின் பெயர் இதைவிட மோசம். ‘ஐ.எம்.ஜி.’ என்று தொடங்கி நான்கு எண். கூகுளின் வழிகாட்டிக் குறிப்புகளே இதை எடுத்துக்காட்டித்தான் இப்படிப் பெயர் வைக்காதீர்கள் என்கின்றன. படத்தின் கோப்புப் பெயர், படம் திறக்காதபோது வாசிக்கக் கொடுக்கும் மாற்று உரை, படத்தை ஒட்டி எழுதிய விளக்கம் ஆகிய மூன்றும் படத் தேடலுக்குச் சாட்சிகள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் உரக்கச் சொல்வதும் அந்த மாற்று உரையைத்தான். ‘தூத்துக்குடி உப்பளத்தில் காலை வெளிச்சத்தில் மணமக்கள்’ என்று ஒரு வரி எழுதினால் இரண்டு காரியமும் நடக்கும். படம் எடுப்பவர்கள் எழுதச் சோம்பல்படுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் இணையத்தில் அவர்களுடைய படத்தை முதலில் ‘பார்ப்பது’ எழுத்தைப் படிக்கும் இயந்திரம்.

ஊர்ப் பெயரே இங்கே ஒரு தனி ஆராய்ச்சி. ரயில்வே பட்டியலிலும் விமான நிலையத்தின் பெயரிலும் ‘டூட்டிகோரின்’. மாவட்ட நிர்வாகத்தின் ஆங்கிலத்தில் ‘தூத்துக்குடி’, அதிலும் ‘கே’ ஒன்றா இரண்டா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். இளைஞர்களின் சமூக ஊடகத்தில் ‘டூட்டி’. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டபோது இந்த ஊருக்கு இன்னும் நீளமான ஒரு வடிவம் கிடைத்தது. கேலியும் எதிர்ப்பும் கிளம்பி, அந்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆணை போய்விட்டது, அந்த எழுத்துக்கூட்டல் செய்திகளிலும் பட்டியல்களிலும் தங்கிவிட்டது.

எழுத்துப் பிழைகளைத் தேடுபொறி ஓரளவு தானே சமாளிக்கும். 1965இல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் சொன்ன அளவுகோல் ஒன்று இருக்கிறது: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. ஒரு ‘கே’யா இரண்டு ‘கே’யா என்பது இந்த அளவில் வெறும் 1. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் ‘டூட்டிகோரி’னுக்கும் ‘தூத்துக்குடி’க்கும் இடையே குறைந்தது 9 மாற்றங்கள் வேண்டும். எழுத்தைப் பார்த்து இரண்டும் ஒரே ஊர் என்று எந்தக் கணக்கும் கண்டுபிடிக்காது. ஊர்களைப் பற்றிய அறிவுத் தொகுப்பு ஒன்று இவை ஒரே இடத்தின் இரு பெயர்கள் என்று சொல்லிக் கொடுத்தாக வேண்டும். கூகுளிடம் அது இருக்கிறது. இருந்தாலும் பக்கத்தில் இரண்டு பெயரையும் ஒருமுறை இயல்பாக எழுதிவிடுவது நல்லது. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்காரர் ‘டூட்டிகோரின்’ தவிர வேறு பெயர் அறியாதவர்.

ஊர்ப் பெயரோடு தூரமும் ஒரு காரணியாக நுழைகிறது. வரைபடத்தோடு காட்டும் உள்ளூர் முடிவுகளுக்கு மூன்று அளவுகோல்கள் என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்கிறது: கேள்விக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. மில்லர்புரத்தில் நின்றுகொண்டு ‘போட்டோ ஸ்டுடியோ’ என்று தேடுபவர் ஊர்ப் பெயரே அடிக்க மாட்டார். அவருடைய போன் இருக்கும் இடமே கேள்வியின் பாதி. ‘நியர் மீ’ என்று சேர்த்து அடித்தாலும் அதேதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘நியர் மீ’ என்பதையே ஒரு கீவேர்டாக நினைத்துப் பக்கத் தலைப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் தம்மைத் தாமே ‘எனக்குப் பக்கத்தில்’ என்று அழைத்துக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு ஆள் தேடுபவர் கதை வேறு. அவருடைய இடம் இயந்திரத்துக்கு உதவாது. அவர் ஊரை எழுதியாக வேண்டும். மண்டபத்தின் பெயரை எழுதுவார். பனிமய மாதா கோயிலில் பூசை என்றால் அதையும் சேர்ப்பார். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் பக்கத்தில் எழுத்தாக இருப்பதன் பலன் இவரைப் போன்றவர்களிடம்தான் கிடைக்கும்.

என்ன சொல் என்பது ஒருபுறமிருக்க, என்ன நோக்கம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2002இல் ஆந்த்ரே பிரோடர் என்ற கணினி அறிவியலாளர் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போக நினைப்பவை, ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள நினைப்பவை, ஒரு காரியத்தை முடிக்க நினைப்பவை. ‘கல்யாண போஸ்’ என்று தேடுபவருக்கு வேண்டியது மாதிரிப் படங்கள். அவருக்கு ஸ்டுடியோ வேண்டாம். அந்தச் சொல்லில் முதலிடம் பிடித்தாலும் கல்லாவில் ஒன்றும் விழாது. ‘தூத்துக்குடியில் ப்ரீ வெட்டிங் எடுக்க நல்ல இடம்’ என்று தேடுபவரும் தகவல் தேடுபவர்தான். ஆனால் அவர் கேமராக்காரரை அமர்த்துவதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறார். இந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் எழுதும் ஸ்டுடியோ அவரை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

உருப்படியாக என்றால், உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்ததை எழுதுவது. உப்பளத்தில் எடுப்பதென்றால் வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். பாத்தியில் நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில்தான் வானம் அதில் தெரியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உற்பத்தி நின்று, அம்பாரங்களைக் கீற்றால் மூடி வைத்திருப்பார்கள். அப்போது வெள்ளை மலையை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். உப்பளம் என்பது ஆள்கள் வேலை செய்யும் இடம், சொந்தக்காரரிடமோ குத்தகைக்காரரிடமோ கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். முயல் தீவுக்குச் சாலை வழியாகவே போய்விடலாம். காணும் பொங்கலன்று மட்டும் அங்கே கேமராவைத் தூக்க முடியாது, அவ்வளவு கூட்டம். மன்னார் வளைகுடாவின் மற்றத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன; வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. மணப்பாட்டுக் குன்றின் மேல் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும், சேலை முந்தானை காற்றில் நிற்காது. துறைமுகத்துக்குள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவல். ‘வ.உ.சி. துறைமுகத்தில் போட்டோஷூட்’ என்ற சொல்லுக்குப் பக்கம் எழுதுவது, செய்து கொடுக்க முடியாத வேலைக்கு ஆள் பிடிப்பது.

துறைமுகத்தில் கேமராவுக்கு வேறு வேலைகள் உண்டு. காற்றாலை இறக்கைகள் இங்கிருந்து கப்பலேறுகின்றன. ஏற்றும்போது கீறல் இருந்ததா, ஏற்றிய பிறகு வந்ததா என்பதற்குப் படம் சாட்சி. கன்டெய்னர் சேதம், சரக்கின் நிலை, குடோன் இருப்பு என்று சர்வேயர்களுக்கும் கிளியரிங் ஏஜென்ட்களுக்கும் இன்சூரன்ஸுக்கும் தேதியோடு படம் வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியையும் மக்ரூனையும் இணையத்தில் விற்பவர்களுக்கு வெள்ளைப் பின்னணியில் பொருளின் படம் வேண்டும். இந்தத் தேடல்கள் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கருவிகள் இவற்றைக் காட்டாமலே விட்டுவிடும். ஆனால் இப்படித் தேடுபவர்கள் விலை விசாரித்து வைக்கிறவர்கள் அல்ல, நாளைக் காலையில் ஆள் வேண்டும் என்கிறவர்கள். ஸ்டுடியோக்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது எனக்கு ஆச்சரியம்தான்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூகுள் டிரெண்ட்ஸ் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு அளவில் காட்டும், உண்மையான எண்ணிக்கையைக் காட்டாது. தூத்துக்குடி அளவிலான ஊருக்கு, அதுவும் ‘காதுகுத்து போட்டோ’ போன்ற சொல்லுக்கு, போதிய தரவு இல்லை என்றே பெரும்பாலும் வரும். விளம்பரக் கணக்கோடு வரும் கீவேர்டு பிளானரும் சின்ன ஊரில் தடுமாறும். நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் இதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பழைய கணக்கில் இல்லாத கேள்விகளைப் பழைய கணக்கு எப்படிக் காட்டும்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எடுத்தவுடன் படகை விட மாட்டார்கள். ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத்திட்டுகளில் முதலில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, பிளந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு, தேறும் என்று தெரிந்த பிறகே அரசு குளிப்பை அறிவிக்கும். ஸ்டுடியோவுக்கு அந்த மாதிரிச் சிப்பி, வாட்ஸ்ஆப்பில் வரும் முதல் வாக்கியம். ‘அண்ணாச்சி, பாப்பாவுக்குச் சடங்கு வச்சிருக்கோம், வீடியோவும் சேத்து எவ்வளவு வரும்?’ இந்த ஒரு வரியில் மூன்று தேடுசொற்கள் இருக்கின்றன. ஆறு மாத வாட்ஸ்ஆப்பைப் புரட்டி, வாடிக்கையாளர் பயன்படுத்திய சொற்களை ஒரு நோட்டில் குறித்தாலே ஒரு பட்டியல் கிடைக்கும். அது அந்த ஊருக்கே உரியது, காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியிலும் வராது. அதன் பிறகு கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, தம் பக்கம் எந்தெந்தத் தேடலுக்குத் தலைகாட்டியது, எதற்கு யாரும் தொடவில்லை என்று பார்க்கலாம். அது இலவசம்.

சொல் கிடைத்ததும் அதைப் பக்கமெல்லாம் இறைப்பதுதான் அடுத்த ஆசை. ஒரு காலத்தில் அது பலித்தது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு முறை எழுதி வைத்தவர்கள் உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாகக் கொடுக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் சொல்லிவிட்டது. இன்றும் அதற்குக் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஸ்பார்க் ஜோன்ஸின் எடையை வைத்து ஸ்டீபன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் லண்டனில் 1990களில் உருவாக்கிய சூத்திரத்தில் ஓர் ஏற்பாடு உண்டு: ஒரு சொல் முதல் முறை வரும்போது கிடைக்கும் மதிப்பெண் இரண்டாம் முறை குறையும், மூன்றாம் முறை இன்னும் குறையும், பிறகு ஏறுவதே தெரியாது. இருபது முறை எழுதினாலும் ஐந்து முறை எழுதியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறாது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் என்று ஊருக்கொரு பக்கம் போட்டு உள்ளே ஒரே வாசகத்தை வைப்பதும் விதிமீறல். பதிவு செய்த கடைப் பெயரோடு கீவேர்டைக் கோப்பதும் அப்படியே.

2019க்குப் பிறகு இயந்திரம் சொற்களைத் தனித்தனியாக எண்ணுவதோடு நிற்பதில்லை, வாக்கியமாகவும் படிக்கப் பார்க்கிறது. அந்த ஆண்டு கூகுள் தன் தேடலில் புகுத்திய பெர்ட் என்ற மொழி மாதிரி, ஆங்கிலத்தின் சின்னஞ்சிறு இணைப்புச் சொற்கள் பொருளை எப்படித் திருப்புகின்றன என்று கவனித்தது. தமிழில் அந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகள். ‘தூத்துக்குடியில்’ போட்டோகிராபர் வேண்டும் என்பதும், ‘தூத்துக்குடியிலிருந்து’ திருச்செந்தூருக்கு வர வேண்டும் என்பதும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட மாதிரிகள் நீண்ட சொல்லைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. ‘இல்’லும் ‘இலிருந்து’ம் தனித் துண்டாக விழுந்தால் வித்தியாசம் பிடிபடும். ஆகவே கீவேர்டு கீவேர்டாகக் கொட்டி வைப்பதைவிட, ‘டூவிபுரத்திலிருந்து திருச்செந்தூர், குலசை வரைக்கும் வந்து காதுகுத்து எடுத்துக் கொடுக்கிறோம்’ என்று வாயால் சொல்கிற மாதிரி எழுதிய ஒரு வாக்கியத்துக்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது.

எழுதி ஏற்றினாலும் பலன் மறுநாளே தெரியாது. சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் பிடிக்கும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கூகுளின் கையேடே சொல்கிறது. பருவத்தை நம்பியிருக்கும் தொழிலுக்கு இது முக்கியம். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுபவர்களைப் படமெடுக்க நினைக்கும் ஸ்டுடியோ, புரட்டாசியில் உட்கார்ந்து பக்கம் எழுதினால் அது அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும். தை முகூர்த்தங்களுக்கு ஐப்பசியிலேயே பக்கம் ஏறியிருக்க வேண்டும். ஆடியில் இந்துக் கல்யாணம் கிடையாது; ஆனால் ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை மாதா கோயில் திருவிழா நடப்பதால் ஊரில் கேமராக்காரர்களுக்கு ஓய்வும் கிடையாது. திருவிழா முடிந்து ஆவணி முதல் முகூர்த்தம் வருவதற்குள் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு நாளில்தான் அந்த வாட்ஸ்ஆப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத முடியும்.